வாசலில் நின்ற மூத்தவன்

அத்தியாயம் பதினான்கு

பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது கேள்வி கேட்கிற மாமனார் வாய்த்துவிட்டால் ஒரு மருமகள் என்னதான் செய்வாள்?

"பெருவெள்ளத்துல மிதந்த பேழை எத்தனை முழ நீளம்?"

வாய் நிறைய நுரை. துப்பிவிட்டு நிமிர்ந்தாள்.

"எல்லாரும் ஏறுற அளவுக்கு இருந்துச்சு மாமா."

"முழம் கேட்டேன்."

"தெரியாது."

"சின்னத் தீர்க்கதரிசிகள் எத்தனை பேர்?"

"அவங்களைப் போய் சின்னவங்கன்னு சொன்னது யாரு, அதைச் சொல்லுங்க முதல்ல."

வாராவாரம் நம்மோடு வருகிறவர்களுக்கு இந்த வீடு அத்துப்படி. நடுவழியில் ஏறியவர்கள் கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள், சொல்லிவிடுகிறேன்.

மாமனார் அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். வேத புத்தகங்கள், அதாவது பைபிள், அச்சாகிற இடம் அது. ஒரு கால்புள்ளி இடம் மாறினாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. தெருவில் அவருக்குப் பெயரே 'சிவப்புப் பேனா'தான். சபையில் ஞானஸ்நானம் கேட்டு வருகிறவர்களுக்கு வேத அறிவுப் பரீட்சை வைக்கிறவரும் அவரேதான். அவர் கையெழுத்துப் போட்ட பிறகுதான், ஞானஸ்நானத்துக்கு முங்கி எழுகிற கோயில் தொட்டியில் தண்ணீர் நிரப்புவார்கள்.

மருமகள் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் டெக்னீஷியன். கடவுள் பேச்சே இல்லாத வீட்டில் பிறந்தவள். கல்யாணமாகி இரண்டு வருஷம் சும்மா இருந்துவிட்டு, யாரும் கேட்காமலே ஒருநாள், "எனக்கு ஞானஸ்நானம் வேணும்" என்று நின்றாள். கோபம் மூக்கு நுனியில் இருப்பதால் கணவன் அவளை 'மிளகாய்' என்று கூப்பிடுவான். நாமும் அப்படியே கூப்பிடலாம். அவளுக்கு ஆட்சேபணை இல்லை.

இன்று சாயங்காலம் பரீட்சை. தேறினால் வருகிற ஞாயிறு ஞானஸ்நானம்.

அதற்குள்தான் போன வார அத்தியாயத்தின் முடிவில் மாமனாருக்கு அந்தத் தொலைபேசி அழைப்பு வந்தது. கூப்பிட்டவர் சபைச் செயலாளர். அவருடைய அப்பா, ஓய்வு பெற்ற ஸ்டேஷன் மாஸ்டர், மிளகாயின் வார்டில் மூன்றாம் படுக்கை. ஊரைவிட்டு ஓடி, கையில் இருந்ததையெல்லாம் தொலைத்துவிட்டுத் திரும்பிய தன் தம்பியைத் தன் அப்பா வீட்டுக்குள் சேர்த்துக்கொண்டார் என்பதற்காக, தம்பியோடு பேச்சை நிறுத்தியவர் இந்த ஸ்டேஷன் மாஸ்டர். அந்தக் கோபம் அப்பா செத்த பிறகும் சாகவில்லை. அவரிடம் மிளகாய் தனக்குத் தெரிந்த ஒரு வேதக் கதையைச் சொன்னாள். ஓடிப்போன இளையவன், திரும்பி வந்தவனுக்கு அப்பா வைத்த விருந்து, கோபித்துக்கொண்டு வாசலில் நின்ற மூத்தவன். "கடைசியில மூத்தவனும் உள்ள போயிட்டான் சார்" என்று முடித்தாள். பெரியவர் மறுநாளே வண்டி பிடித்துத் தம்பி வீட்டுக்குப் போனார். போனவர் அங்கேயே தங்கிவிட்டார்.

மகனுக்கு எப்படி இருக்கும்? 'உங்க மருமகள் கதை சொல்லி எங்கப்பாவை அனுப்பிட்டா' என்று மாமனாரிடம் போனில் கொதித்தார்.

"மூத்தவன் உள்ள போனான்னு சொன்னியா?" மாமனார் காலைச் சாப்பாட்டு மேசையில் ரொட்டியைப் பிய்த்தபடி கேட்டார்.

"ஆமா. போனானே."

"எந்த வசனம்?"

"வசனமெல்லாம் தெரியாது மாமா. போனான்."

"போகல."

"போனான்!"

"அம்மா தாயே, அந்த அதிகாரத்தை நான் எத்தனை பதிப்புக்குத் திருத்தியிருக்கேன் தெரியுமா? அவன் வெளிய நிக்கிறதோட கதை முடிஞ்சிடுது. உள்ள போனான்னு ஒரு வரியும் இல்ல."

அடுக்களையில் ஏதோ பாத்திரம் கை தவறி விழுந்தது. அத்தை எட்டிப் பார்க்கவில்லை.

"எனக்கும் போனதாத்தான் ஞாபகம்" என்றான் கணவன். லிஃப்ட் மெக்கானிக். வீட்டுச் சண்டைகளில் மாட்டிக்கொண்டால் நடுமாடியில் நின்றுவிடுகிற ரகம்.

"உனக்கு எது ஞாபகம் இருந்திருக்கு, இது இருக்க?" என்று அவனை அடக்கிவிட்டு மருமகள் பக்கம் திரும்பினார் மாமனார். குரல் தணிந்திருந்தது. "இல்லாததை இருக்குன்னு சொல்லக் கூடாதும்மா. இன்னிக்கு நீ நல்லதுக்காகச் சேர்ப்பே. நாளைக்கு எவனாவது வேற எதுக்காவது சேர்ப்பான். ஒரு புத்தகம் அப்படித்தான் கெட்டுப் போகும். நீயே எடுத்துப் படிச்சுப் பாரு."

அதிகாரத்தைச் சொல்லி அனுப்பினார். பஸ் ஏறும்வரை அவள் முணுமுணுத்துக்கொண்டே போனாள். போனான். கண்டிப்பாகப் போனான்.

* * *

வார்டில் படிக்க நேரம் எங்கே? வருகிறவர்களை எடை பார்க்க வேண்டும். போன தடவையைவிட எத்தனை கிலோ ஏறியிருக்கிறது என்று பார்த்து, எவ்வளவு நீர் எடுக்கலாம் என்று இயந்திரத்துக்குச் சொல்ல வேண்டும். கையில் புடைத்திருக்கும் நரம்பின்மேல் விரலை வைத்தால் உள்ளே விர்ரென்று ஓடுகிற ரத்தம் தெரியும். அது சரியாக ஓடினால்தான் ஊசி. இரண்டு ஊசி: ஒன்று ரத்தத்தை வெளியே கொண்டுபோக, ஒன்று சுத்தமானதை உள்ளே கொண்டுவர.

மதியம் எல்லாப் படுக்கையும் அமைதியான பிறகு, சலைன் பைகள் அடுக்கிய அலமாரிக்குப் பின்னால் நின்று போனைத் திறந்தாள்.

ஒரு தடவை படித்தாள். கீழே தள்ளினாள். அடுத்த அதிகாரம் வந்துவிட்டது. மேலே தள்ளி மறுபடி படித்தாள்.

இல்லை.

மாமனார் சொன்னதுதான் சரி. முகம் சுட்டது. பிழையைப் பொறுத்துக்கொள்ளாத வேலை அவளுடையது. தப்பான அளவை இயந்திரத்தில் தட்டிவிட்டு, 'நல்ல எண்ணத்தில்தான் தட்டினேன்' என்று யாராவது சொன்னால் அவளே அறைந்திருப்பாள். அப்படிப்பட்டவள் ஒரு மனுஷரிடம் இல்லாத வரியைச் சொல்லி அவரை வீடு மாற வைத்திருக்கிறாள்.

அவளிடம் ஒரு நல்ல குணம் உண்டு. தப்பு தெரிந்துவிட்டால் தள்ளிப் போட மாட்டாள். நேரே மூன்றாம் படுக்கைக்குப் போனாள்.

"சார், உங்க விஷயத்துல ஒரு தப்பு பண்ணிட்டேன்."

பெரியவர் பதறிப்போய்க் கையைப் பார்த்தார். "ஊசியிலயா?"

"கதையில."

சொன்னாள். சொல்லச் சொல்ல அவர் முகத்தில் இருந்த சிரிப்பு இறங்கிக்கொண்டே வந்தது.

"நான் அந்த வார்த்தையை நம்பித்தானேம்மா போனேன்" என்றார். "வேதத்துல இருக்குன்னு சொன்னே. அதனாலதான் காலைத் தூக்கி வச்சேன். இல்லாட்டி எனக்கு ஏது அந்தத் தைரியம்?"

மன்னிப்புக் கேட்கலாம். கேட்டாள். அது அவள் காதுக்கே போதவில்லை.

"சரி, என்னதான் எழுதியிருக்கு? படி. உள்ளதை உள்ளபடி படி."

படுக்கை ஓரத்தில் நின்று படித்தாள். வயலிலிருந்து வருகிற மூத்தவன். வீட்டுக்குள் பாட்டுச் சத்தம். வேலைக்காரனைக் கூப்பிட்டு என்ன விசேஷம் என்று கேட்கிறான். கோபம் வருகிறது. உள்ளே போக மாட்டேன் என்று நிற்கிறான். அப்பா வெளியே வந்து அவனைக் கெஞ்சிக் கூப்பிடுகிறார்.

"நில்லு." ஊசி இல்லாத கையைத் தூக்கினார் பெரியவர். "யார் வெளிய வந்தது?"

"அப்பா."

"உள்ள விருந்து நடக்குதே? அதை விட்டுட்டா?"

"ஆமா சார்."

"இதை அன்னிக்கு நீ சொல்லவே இல்லையே?"

"எனக்குத் தெரியாது சார். இன்னிக்குத்தான் முதல் தடவை படிக்கிறேன்."

அவள் கேட்டிருந்த கதையில் மூத்தவனுக்குப் பசிக்கும். தானாகவே உள்ளே வந்துவிடுவான். அப்பா வெளியே வருகிற இடமே கிடையாது.

பெரியவர் கண்ணை மூடிக்கொண்டார். இயந்திரம் சுற்றிக்கொண்டிருந்தது.

"எங்கப்பாவும் வந்தார்மா" என்றார். "என் குவார்ட்டர்ஸ் வாசல்ல வந்து நின்னார். டியூட்டிக்கு நேரமாச்சுன்னு சொல்லிட்டுப் போயிட்டேன். அன்னிக்கு எனக்கு டியூட்டியே இல்ல."

மிளகாய் அழுதுவிட்டாள். அவருக்காகக் கொஞ்சம், தனக்காகக் கொஞ்சம். இவ்வளவு பெரிய விஷயம் இரண்டு வருஷமாகப் போனில் கிடந்திருக்கிறது. கதைதான் தெரியுமே என்று திறந்து பார்க்காமல் இருந்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது.

"அப்ப நான் தம்பி வீட்டிலிருந்து கிளம்பி வந்துடணுமா?" பெரியவர் கேட்டார்.

"அதை நான் எப்படி சார் சொல்றது?"

"வர மாட்டேன். என் பையன்கிட்ட சொல்லிடு. நீ தப்பா சொன்னதுக்குப் போனேன். இப்ப சரியாப் படிச்சதுக்கு இருக்கப் போறேன்."

* * *

பரீட்சை கோயிலுக்குப் பின்னால் இருக்கிற சின்ன அறையில். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் போதகர், நல்ல மனுஷர், எந்தப் பக்கமும் சாயாமல் நாற்காலியில் உட்காரத் தெரிந்தவர். வலது பக்கம் செயலாளர், கோயில் சாவிக்கொத்தை மேசைமேல் வைத்துக்கொண்டு. இடது பக்கம் மாமனார். வீட்டில் மாமா, இங்கே பரிசோதகர். துணைக்கு வந்த அத்தை வெளியே பெஞ்சில்.

மாமனார் சலுகை காட்டவில்லை. யாருக்கும் கேட்பதைத்தான் இவளுக்கும் கேட்டார். ராஜாக்கள் வரிசை, பயணங்கள், கட்டளைகள், யார் யாருக்கு எழுதியது. தெரிந்ததைச் சொன்னாள். தெரிந்தது கொஞ்சம்தான். மற்றதற்கெல்லாம் ஒளிவு மறைவில்லாமல் "தெரியாது."

"தெரியாதுன்னு சொல்லக்கூடக் கூச்சம் இல்லையே" என்றார் செயலாளர். "ஆனா தெரியாததைச் சேர்த்துச் சொல்ல மட்டும் தெரியும். எங்கப்பாவை ஏமாத்தி வீட்டைவிட்டு அனுப்பின ஆள் இது, ஐயா."

"தப்பா சொன்னேன்" என்றாள் மிளகாய். "இல்லாத வரியை இருக்குன்னு சொன்னேன். மாமா சரி, நான் தப்பு. மத்தியானமே உங்கப்பாகிட்ட ஒத்துக்கிட்டு, உள்ளதைப் படிச்சும் காட்டிட்டேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"வர மாட்டாராம்."

செயலாளரின் கை சாவிக்கொத்தின்மேல் போனது.

"இதுதான் ஐயா ஆபத்து. ஒண்ணும் தெரியாம விசுவாசம் விசுவாசம்னு கிளம்பினா இப்படித்தான் ஆகும். ஏம்மா, உன் ஆஸ்பத்திரியில பரீட்சை எழுதாமயா உன்னைச் சேர்த்தாங்க? அதுக்கு எழுதத் தெரியும், இதுக்கு மட்டும் கசக்குதா?"

நியாயமான கேள்வி. போதகர்கூடத் தலையாட்டினார். மிளகாய் பதிலைப் பிடித்துக்கொண்டாள்.

"எழுதினேன். ஊசி போடுறவ எழுதித்தான் ஆகணும். ஆனா இங்க நான் ஊசி போட வரலையே. படுக்கையில படுக்க வந்திருக்கேன். கிட்னியைப் பத்தி நாலு கேள்வி கேட்டு, பதில் சொன்னாத்தான் ரத்தம் சுத்தம் பண்ணுவோம்னு எந்த ஆஸ்பத்திரியிலயாவது சொல்றாங்களா?"

"வாய்!" என்றார் செயலாளர்.

"வாய்தான். நாளைக்கு நான் இங்க பிரசங்கம் பண்ணணும்னு வந்தா, பிள்ளைகளுக்குச் சொல்லித் தரணும்னு வந்தா, அப்ப வைங்க பரீட்சை. கடுமையா வைங்க. ராத்திரி பகலாப் படிச்சு எழுதறேன். இனிமே படிக்காம இருக்கவும் என்னால முடியாது. இன்னிக்கு மத்தியானம் ஒரு பக்கம் படிச்சதுக்கே நெஞ்சு தாங்கல. ஆனா அந்தப் படிப்பைக் கதவுக்குக் காவல் நிறுத்தினா ஒத்துக்க மாட்டேன்."

போதகர் முதல் தடவையாக முன்னால் சாய்ந்தார்.

"நீ எதைம்மா நம்புறே?"

"யாரும் கூப்பிடாமலே ஒருத்தர் எனக்காக வெளிய வந்து நிக்கிறார்னு நம்புறேன் ஐயா. அப்படி எழுதியிருக்குன்னு இன்னிக்குத்தான் தெரியும். ஆனா வந்து நின்னது ரெண்டு வருஷமா தெரியும்."

"அழகாத்தான் பேசுறா" என்றார் செயலாளர். "ஆனா மூத்தவன் உள்ள போனான்னு இவளுக்கு யார் சொன்னது? அதைக் கேளுங்க ஐயா. எந்த உபதேசக்காரன் சொல்லிக் கொடுத்தான்?"

"நான்தான்."

கதவருகே அத்தை நின்றிருந்தாள். எல்லாரும் திரும்பினார்கள். மாமனார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"நீயா?"

"நான்தாங்க. நம்ம பெரிய பையனைச் சின்ன வயசுல தூங்க வைக்கும்போது இந்தக் கதையைத்தான் கேப்பான். மூத்தவன் வெளியவே நின்னான்னு சொன்னா அழுவான். தானும் மூத்தவனாச்சே. தூங்கவே மாட்டான். அதனால அவனுக்குப் பசிக்குது, உள்ள வந்துட்டான்னு ஒருநாள் சொன்னேன். பிள்ளை தூங்கிட்டான். அப்புறம் தினம் அப்படியே சொன்னேன். இவ வந்த புதுசுல இவளுக்கும் அதையேதான் சொன்னேன்."

"என் வீட்டுலயே..." என்றார் மாமனார். ஊரெல்லாம் பிழை பிடிக்கிற மனுஷர், தன் அடுக்களையில் இத்தனை வருஷமாக ஒரு இடைச்செருகல் நடமாடியதைக் கண்டுபிடிக்கவில்லை. பாவமாகத்தான் இருந்தது. "என்கிட்ட கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே!"

"என்னன்னு சொல்லியிருப்பீங்க? போகலன்னு சொல்லியிருப்பீங்க."

"அப்பா வெளிய வர்றாரே, அதைச் சொல்லியிருப்பேன்!"

"எப்ப சொன்னீங்க?" அத்தையின் குரல் உடைந்தது. "தினம் சாப்பாட்டு மேசையில முழம் கேட்டீங்க, வருஷம் கேட்டீங்க, பேர் கேட்டீங்க. இந்த ஒண்ணை எந்தப் பிள்ளைக்காவது ஒரு தடவை சொன்னீங்களா?"

மாமனாருக்கு அந்த வரி மனப்பாடம். அச்சில் எத்தனையோ தடவை அதைக் கடந்து போயிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் அவர் பார்த்தது எழுத்து சரியாக இருக்கிறதா என்பதைத்தான். அது அவர் வேலை. குற்றம் சொல்ல முடியாது. ஆனாலும் இப்போது அவர் முகத்தைப் பார்த்திருந்தால் உங்களுக்கும் கோபம் வந்திருக்காது.

"பரிசோதகரே, முடிவைச் சொல்லுங்க" என்றார் செயலாளர்.

மாமனார் எழுந்தார்.

"இவ என் கேள்வியில தேறல. தேறினான்னு கையெழுத்துப் போட்டா அது பொய். என் கையால பொய் எழுத மாட்டேன்."

மாமனார் போதகர் பக்கம் திரும்பினார்.

"தேறலைன்னும் என்னால எழுத முடியாது ஐயா. போதகர் கேட்டீங்களே ஒரு கேள்வி, நீ எதை நம்புறேன்னு? அவ சட்டுன்னு சொன்னா. அதை என்கிட்ட கேட்டிருந்தா ஒரு அதிகாரத்தையே ஒப்பிச்சிருப்பேன். அது பதில் இல்லைன்னு இப்பத்தான் தெரியுது. இந்த நாற்காலியில உட்கார எனக்குத் தகுதி இல்ல. இன்னியோட விட்டுடறேன்."

"மாமா!" என்றாள் மிளகாய்.

செயலாளர் சிரித்தார். அன்றைக்கு முதல் தடவையாக.

"விடுங்க, தாராளமா விடுங்க. ஆனா சபை விதி ஞாபகம் இருக்கட்டும். பரிசோதகர் கையெழுத்து இல்லாம ஞானஸ்நானம் இல்ல. புதுப் பரிசோதகரை வருஷக் கூட்டத்துலதான் தேர்ந்தெடுக்க முடியும். போன மாசம்தான் கூட்டம் முடிஞ்சுது. அடுத்த கூட்டம் வரைக்கும் தொட்டிக்குத் தண்ணி திறக்கிற சாவி என்கிட்டதான் இருக்கும்."

மாமனார் அப்போதுதான் அதை உணர்ந்தார். நேர்மையாக எழுந்த எழுச்சியில் மருமகளின் வழியைத் தானே அடைத்துவிட்டார். போதகரைப் பார்த்தார். போதகர் மேசையைப் பார்த்தார்.

"விதி அப்படித்தான் இருக்கு" என்றார் போதகர், யாருக்கும் கேட்காத குரலில்.

மிளகாய் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தாள்.

"சரி. கையெழுத்து வேணாம், சாவியும் வேணாம். ஞாயித்துக்கிழமை காலையில வெள்ளை உடுத்திக்கிட்டு அந்தக் காலித் தொட்டிக்குள்ள இறங்கி நிப்பேன். ஆராதனை முடியிற வரைக்கும் நிப்பேன். வர்ற போற எல்லாரும் பாக்கட்டும். தண்ணி ஊத்துறதா வேணாமான்னு அப்ப சபையே சொல்லட்டும்."

"கோயில்ல கலாட்டா பண்ணப் போறியா?" செயலாளர் எழுந்தார்.

"நிக்கப் போறேன். நிக்கிறதுக்கும் பரீட்சை உண்டா?"

அத்தை வந்து மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து கோயிலில் தலை நிமிர்ந்து ஒரு வார்த்தை பேசியறியாதவள்.

"நானும் இவகூட தொட்டியில நிப்பேன்" என்றாள். பிறகு கணவர் பக்கம் திரும்பினாள்.

"நீங்க எங்கங்க நிக்கப் போறீங்க?"